கோவளத்தில் மதியச் சாப்பாடு

கடற்கரைக்கு மேலே பேருந்துகள் நிற்கும் மண் திடலில் கண்ணுசாமி அடுப்பைக் காற்றுக்கு மறைத்து வைத்திருந்தார். இரண்டு அரிசிச் சாக்குகளைப் பிரித்துப் பேருந்தின் ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். கடல் காற்று மணலை வாரிக்கொண்டு வந்து சாக்கில் அடித்தது. அண்டாவின் மூடியை அவர் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை.

நாமகிரிப்பேட்டையிலிருந்து கிளம்பிய பேருந்து அது. சமையல் செய்யும் இருவரையும் ஓட்டுநரையும் சேர்க்காமல் முப்பத்திரண்டு சாமிகள். மலைக்குப் போய் நெய் அபிஷேகம் முடித்துவிட்டார்கள். கோவளம், கன்னியாகுமரி பார்த்துவிட்டு ஊர் திரும்புவதாகத் திட்டம். ஊர் மாரியம்மன் கோயிலில் குருசாமி கையால் மாலையைக் கழற்றும்வரை விரதம் விரதம்தான். கண்ணுசாமி இருபத்தாறு வருடமாக மாலை போட்டு இந்தப் பேருந்துக்குச் சமைக்கிறவர். அறுபத்திரண்டு வயதிலும் முதுகு வளையாமல் நின்றுதான் கிளறுவார்.

குருசாமி மயில்சாமி கையில் செல்போனுடன் வந்தார். ஊரில் மஞ்சள் காடும் கோழிப்பண்ணையும் உள்ளவர்.

"சாமி, இன்னிக்கு மத்தியானம் உங்களுக்கு லீவு. எல்லாரும் ஒரு நேரம் ஓட்டல்ல சாப்படலாம்ங்கறாங்க. இங்க எங்க சாப்பிட்டா வவுத்துக்கு ஒண்ணும் பண்ணாதுங்க?"

எந்த ஊரில் வண்டி நின்றாலும் கண்ணுசாமியிடம்தான் இதைக் கேட்பார்கள். அவர் கரண்டியைத் தட்டின்மேல் வைத்துவிட்டுச் சொன்னார்.

"கடலப் பாத்தாப்புல இருக்கற கடைக்குப் போவாதீங்க சாமி. அங்க சைவத்துக்கும் மீனுக்கும் ஒரே சட்டி. மேல பஸ் ரோட்டுல, ஆலமரத்துக்கு எதுத்தாப்புல பச்சைப் பெயிண்ட் அடிச்ச மெஸ் ஒண்ணு இருக்குது. சுத்த சைவம். நம்ம டிரைவரு அங்கதான் போவாரு. ஒண்ணரைக்கு மேல போனாச் சோறு தீந்துபோயிரும்."

"சரிங் சாமி. சாயங்காலத்துக்கு?"

"தயிர் சோறு பண்ணி வெச்சர்றேன்."

மயில்சாமி போனதும், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சென்றாயன் சிரித்தான். கெங்கவல்லிக்காரன், ஆறு வருடமாக அவருக்குக் கையாள்.

"நாப்பது நாளா சாம்பாரும் ரசமுமாத் தின்னுட்டு, கடலப் பாத்ததும் எல்லாருக்கும் நாக்கு ஊறுதுண்ணே. கீழ மீன ஐஸ் மேல படுக்க வெச்சிருக்கான், ஒவ்வொண்ணும் கைப்புள்ளயாட்டம். நானே மூஞ்சத் திருப்பிக்கிட்டுதான் தண்ணி புடிச்சாந்தேன்."

"மாலை போட்டுட்டு அந்தப் பேச்சு எதுக்கு சாமி? வேலயப் பாரு."

கண்ணுசாமியின் மகன் கதிர்வேல் பேருந்திலிருந்து இறங்கி வந்தான். மயில்சாமியின் பண்ணையில் மேஸ்திரியாக இருக்கிறான். முதல் வருட மாலை போட்ட கன்னிச்சாமி.

"அப்பா, நானும் அவிய கூடப் போய்ட்டு வாரனுங்க."

"போய்ட்டு வா சாமி. ஆலமரத்து மெஸ்ஸு."

சோறு குழைந்ததும் கண்ணுசாமி அதை அகலச் சட்டியில் பரப்பி மத்தால் மசித்தார். காய்ச்சி ஆறவைத்த பாலை ஊற்றி ஊற்றிப் பிசைந்தார். அவ்வளவு சோற்றுக்கும் தயிர் ஒரே ஒரு கரண்டிதான். மதியம் கலந்தால் பால் மெல்ல உறைந்து, சாயங்காலம் சாப்பிடும்போது புளிப்பு எட்டிப் பார்க்காத தயிராகியிருக்கும். நேரத்தைக் கணக்கு வைத்து ஊற்றவேண்டிய கரண்டி அது. கடுகும் இஞ்சியும் தாளித்துக் கொட்டி, ஈரத்துணி போட்டு மூடினார். பிறகு அவரும் சென்றாயனும் காலையில் மிஞ்சிய உப்புமாவைச் சாப்பிட்டார்கள்.

மூன்று மணிக்கு எல்லோரும் திரும்பினார்கள். பெரும்பாலோர் பஸ் ரோட்டுப் பக்கமிருந்து வந்தார்கள். மெஸ்ஸில் ஊற்றிய புளிசேரிக் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டே ஏறினார்கள். பதினொரு பேர் மட்டும் கடற்கரைப் படிக்கட்டு வழியாக வந்தார்கள். முன்னால் மயில்சாமி, கடைசியில் கதிர்வேல். அந்த வெயிலிலும் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார்கள். கையில் ஆளுக்கொரு பீடா.

"மெஸ்ஸு எப்படிங்க சாமி?" என்று கேட்டார் கண்ணுசாமி.

"ஓ, நெம்ப நல்லாருந்துச்சுங்க," என்று சொல்லிவிட்டு மயில்சாமி வேகமாக ஏறிக்கொண்டார்.

கன்னியாகுமரி போய்ச் சேர ஐந்து மணியாகிவிட்டது. பேருந்தடியிலேயே எல்லோருக்கும் தயிர் சோறும் நாரத்தை ஊறுகாயும் போட்டார்கள். கண்ணுசாமி, சென்றாயன், ஓட்டுநர் மூவரும் கடைசியாக வழித்துச் சாப்பிட்டார்கள். சூரியன் மறைவதைப் பார்க்க எல்லோரும் பாறைப் பக்கம் நடந்தார்கள். பாதி வழியிலேயே ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்னாலேயே இன்னொருவர். பத்து நிமிடத்தில் பதினொரு பேரும் சாலையோரம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்று யாரும் சூரியனைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் நான்கு பேரைத் தரையில் பாய் விரித்துப் படுக்கவைத்தார்கள். இளம் வயது டாக்டரம்மா ஒருவர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். மயில்சாமிக்குக் குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணுசாமி அவர் தலைமாட்டில் வெந்நீர்ச் செம்புடன் நின்றார்.

"வெளிய எங்கயாவது சாப்பிட்டீங்களா? மீன், இறால் அந்த மாதிரி?"

மயில்சாமி கழுத்து மாலையைத் தொட்டுக் காட்டினார். "மாலை போட்டிருக்கறமுங்க அம்மிணி."

"அப்ப கடைசியா என்ன சாப்பிட்டீங்க?"

மயில்சாமி கண்ணை மூடிக்கொண்டார். "வண்டியில தயிர் சோறுங்க."

கண்ணுசாமி செம்பைக் கீழே வைத்தார். "எல்லாருமே அதத்தான் சாப்பிட்டாங்க அம்மா. நானும் சாப்பிட்டனுங்க. அரை மணி நேரங்கூட ஆகுல, அதுக்குள்ள எப்படிங்க?"

"சிலருக்குத் தாங்கும் பெரியவரே, சிலருக்குத் தாங்காது," என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா சீட்டில் எழுதினார்.

கதிர்வேல் தாழ்வாரத்தின் கடைசியில் படுத்திருந்தான். கண்ணுசாமி போய் அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு தட்டை ஏந்தினார். அவன் மீண்டும் வாந்தி எடுத்தான். தட்டில் மிளகாய்ச் சிவப்பு. அதில் விசிறி போல விரிந்த சிறிய இறால் வால் ஒன்று. கதிர்வேல் அதைப் பார்த்தான். அப்பா பார்ப்பதையும் பார்த்தான்.

"எத்தன பேரு?"

"பதினொண்ணுங்க."

"குருசாமியுமா?"

"அவருதானுங்கப்பா கூட்டிட்டுப் போனாரு. மல எறங்கியாச்சு, மாலையக் கழட்டிச் சட்டப் பையில போட்டுக்கிட்டா ஒண்ணுமில்லன்னாரு. நான் மாட்டேன்னேன். கன்னிச்சாமி பெரிய சாமின்னு எல்லாருஞ் சிரிச்சாங்க."

கண்ணுசாமி தட்டைக் குழாயடியில் கொட்டி, மூன்று முறை கழுவிக்கொண்டு வந்தார்.

"எந்திரி. டாக்டரம்மாகிட்ட வந்து சொல்லு."

"இங்க வேண்டாங்கப்பா. எல்லாருங் கெடக்கறாங்க. ஊருக்குப் போனதும் நானே சொல்லிப்போடறேன். உங்க பேருல சத்தியமா."

கண்ணுசாமி சுவரில் சாயாமல் நின்றார். தாழ்வாரம் முழுக்கக் கறுப்பு வேட்டிகள் கிடந்தன.

"சரி. ஒரு குருசாமிய எம்பட வாயால நான் சொல்ல மாட்டேன். பெத்த பையனயும் சொல்ல மாட்டேன். உம்பட வாயிலதான் வரோணும். வருமா?"

"வருமுங்கப்பா."

பேருந்து நாமகிரிப்பேட்டைக்கு வருமுன்பே, தயிர் சோற்றால் வந்த வினை என்று செய்தி வந்திருந்தது. பதினொரு வீட்டுக்கும் போன் போயிருந்தது. மாலை கழற்றுவதற்காகக் கோயில் வாசலில் வண்டி நின்றபோது, இறங்கியவர்களை வீட்டுக்காரர்கள் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டார்கள். மயில்சாமியின் மனைவி வசந்தாமணி, கண்ணுசாமி தூக்கி வந்த அண்டாவுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். எல்லா வருடமும் "நல்லபடியா வந்தீங்களாங்கண்ணா" என்று கேட்கிறவர். இந்த வருடம் கேட்கவில்லை.

ஐப்பசியில் அவர்தான் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, மகள் பிரவீனாவின் தைக் கல்யாணத்துக்குக் கண்ணுசாமியிடம் சமையல் ஒப்படைத்தவர்.

கோயில் மண்டபத்தில் எல்லோரும் உட்கார்ந்ததும் மயில்சாமியே தொடங்கினார்.

"நான் யாரு மேலயும் குத்தஞ் சொல்லுல. தெரியாம நடந்துபோச்சு. ஆனா பிரவீனா கல்யாணத்துக்கு ஊரு ஊரா சனம் வருது. சம்பந்தி ஊட்டுல கேட்டா நான் என்ன சொல்றது? அதுனால சேலத்துல ஒரு கேட்டரிங்காரங்ககிட்டப் பேசிப்போட்டேன். கண்ணுசாமி மனசுல வெச்சுக்கக் கூடாது."

மாலை போட்ட நாற்பத்தைந்து நாளாக அவரைச் சாமி என்றுதான் மயில்சாமி அழைத்திருந்தார். இன்று பேரைச் சொன்னார்.

கண்ணுசாமி எழுந்து நின்றார். துண்டு தோளிலேயே இருந்தது.

"கல்யாணத்துக்கு ஆர வேணும்னாலும் வெச்சுக்குங்க. அது உங்க இஷ்டம். ஆனா எஞ்சோத்துல குத்தமில்லீங்க. குத்தம் எங்கன்னு எம்பையன் சொல்லுவான். கதிரு, சொல்லு சாமி."

கதிர்வேல் தூணோரத்திலிருந்து எழுந்தான். கடலோரக் கடையில் சாப்பிட்ட மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். மயில்சாமி மட்டும் அவனை நேராகப் பார்த்தார். குரல் உயரவில்லை.

"சொல்லு கதிரு. பண்ணைச் சாவி மொத்தமும் உங்கிட்டத்தான இருக்குது. உன்ன நம்பித்தான குடுத்திருக்கறேன். நீ பொய் சொல்ல மாட்டே."

கதிர்வேல் மேல்துண்டின் முனையை விரலில் சுற்றினான். அவிழ்த்தான்.

"தயிரு கொஞ்சம் புளிச்சாப்புலதாங்க இருந்துச்சு."

"என்ன?" என்றார் கண்ணுசாமி.

அவன் தூணோரத்தில் திரும்ப உட்கார்ந்துகொண்டான்.

வாசலில் அண்டாவோடு நின்ற சென்றாயன் குரல் கொடுத்தான். "அந்தச் சோத்தத்தான் நானுந் தின்னேன். வழிச்சு வழிச்சுத் தின்னேன். எனக்கு ஒண்ணும் ஆவலயே?"

"உனக்குக் கல்லத் தின்னாலுஞ் செரிக்குமப்பா," என்று யாரோ சொன்னார்கள். மண்டபம் சிரித்தது. மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்தவர்களும் சிரித்தார்கள்.

மாலை கழற்றும் வரிசை நகர்ந்தது. மயில்சாமி ஒவ்வொருவர் கழுத்திலிருந்தும் மாலையை எடுத்து, மந்திரம் சொல்லி, திருநீறு பூசினார். கதிர்வேல் குனிந்து வாங்கிக்கொண்டு, அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். கண்ணுசாமியின் முறை வந்தபோது வரிசையில் அந்த இடம் காலியாக இருந்தது. அவர் தெருமுனைப் பிள்ளையாரிடம் போய், ஒரு தேங்காயை உடைத்து, தன் கையாலேயே மாலையைக் கழற்றிப் பிள்ளையார் காலடியில் வைத்திருந்தார்.

அந்தத் தையில் அவருக்கு வேறு எந்த வீட்டிலிருந்தும் வெற்றிலை பாக்கு வரவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு சென்றாயன் வந்து, ஆத்தூரில் ஒரு ஓட்டலில் பரோட்டா போடும் வேலைக்குப் போவதாகச் சொன்னான்.

"நீ கல்யாணத்துக்குப் போவாதண்ணே."

"போகாட்டி ஒத்துக்கிட்டதா ஆயிரும்," என்றார் கண்ணுசாமி.

கஞ்சி போட்ட வேட்டி கட்டிக்கொண்டு போனார். கல்யாண மண்டபத்துப் பந்தியில், நாலு பேர் பார்க்கும்படி நடுவில் உட்கார்ந்தார். தலையில் வெள்ளைத் தொப்பியும் கையில் உறையும் போட்ட பையன்கள் ஓடி ஓடிப் பரிமாறினார்கள். ஆள் போதவில்லை. பண்ணை ஆட்களும் வாளி தூக்கியிருந்தார்கள். கண்ணுசாமி எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுச் சாப்பிட்டார். எதைப் பற்றியும் பக்கத்து இலைக்காரரிடம் சொல்லவில்லை.

கடைசியாகத் தயிர் சோறு வந்தது. மாதுளை முத்தும் திராட்சையும் தூவிய வாளியைக் கதிர்வேல் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் தலையிலும் வெள்ளைத் தொப்பி. கோயிலில் பேசிய பிறகு இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒவ்வொரு இலையாக வைத்துக்கொண்டு வந்தவன் அப்பாவின் இலைக்கு முன்னால் நின்றான்.

பின்னாலிருந்து மயில்சாமி கைகூப்பியபடி வந்தார். "கண்ணுசாமிக்கு நல்லா வைப்பா. பெரியவரு."

கண்ணுசாமி இலைமேல் கையை விரித்து மறைத்தார். கதிர்வேல் அதற்குள் கரண்டியைச் சாய்த்துவிட்டான். சோறு அவர் புறங்கையில் விழுந்தது.

கண்ணுசாமி கையை மெல்ல மூக்கருகே கொண்டுபோனார். ஒரு பருக்கையை நாக்கில் வைத்தார். காலையிலேயே தயிரூற்றிக் கலந்து வெயிலில் வைத்த சோறு. பல் கூசும்படி புளித்திருந்தது.

அவர் நிமிர்ந்து மகனைப் பார்த்தார். கதிர்வேல் அடுத்த இலைக்குப் போயிருந்தான். பந்தியில் இரண்டு பக்கமும் எல்லோரும் குனிந்து, ஒன்றும் சொல்லாமல் அந்தத் தயிர் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் இன்னும் கொஞ்சம் கேட்டார்.