துப்பட்டாவுக்குள் இரண்டு விரல்

உசிலம்பட்டி மாட்டுத் தரகர் வீட்டில் பிறந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வேண்டியதை வேண்டும் என்று சொல்ல வாய் வராது. ஜவுளிக்கடையில் பச்சைச் சேலை பிடித்துப்போனால் சிவப்பை விரித்துப் பார்த்து, அதையே புகழ்ந்து தள்ளி, கடைசியில் போனால் போகிறதென்று பச்சையை விலை குறைத்து வாங்கி வருவார்கள். தரகர் பேச்சிமுத்துவின் மகள் பாண்டிச்செல்விக்கும் அது முற்றிப்போயிருந்தது. பிசியோதெரபி படித்தும் குணமாகவில்லை.

அவளுக்கு இன்னொரு வியாதியும் இருந்தது. அடுத்தவர் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் மண்டை வெடித்துவிடும். ஹாஸ்டல் தோழிகளோடு போக்கர் ஆடப் பழகியதே அதனால்தான். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் பொதுவாக ஐந்து. மூடிய இரண்டில் என்ன இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற ஆட்டம்.

கே.கே. நகர் கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்த போட்டிக்கு அவள் வந்ததற்குக் காரணம் வேறு. அங்கே காசு கட்டி ஆடுவதில்லை, வெறும் பிளாஸ்டிக் வில்லைகள்தான். ஆனால் முதல் பரிசு ஸ்கூட்டர். மாலை போட்டு மேடையிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். இரண்டாம் பரிசு, கோவாவில் நடக்கும் பெரிய போட்டியில் ஆட ஓர் இடமும் போக்குவரத்துச் செலவும். செல்விக்குக் கோவாவால் காலணாப் பிரயோஜனம் கிடையாது. வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை ஒன்று அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. திங்கட்கிழமை வண்டியோடு வந்தால் வேலை உனக்கு, இல்லையென்றால் இன்னொரு பெண் காத்திருக்கிறாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் மேசையில் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். செல்விக்கு எதிரே காஜிமார் தெரு ஷாஹீதா. தோல் மண்டி ஜலீலின் மனைவி, நாற்பத்தைந்து வயதிருக்கும். மகனின் போனில் பழகியவராம். காசில்லாத ஆட்டம் என்று வீட்டில் உறுதி சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்டத்திலோ எமகாதகி. வந்த ஆண்பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

அப்போதுதான் செல்வி அந்தத் துணிச்சலைச் செய்தாள். நடுவில் இரண்டு ராஜா கிடந்தன. அவள் கையில் ஏழும் இரண்டும், சல்லிக்குப் பெறாத சீட்டு. தன்னிடம் இருந்த வில்லைகள் மொத்தத்தையும் முன்னால் தள்ளினாள். ஷாஹீதா ஏற்றுக்கொண்டால் கதை முடிந்தது. அவர் செல்வியின் முகத்தைப் பார்த்தார், தன் சீட்டைப் பார்த்தார், மேடையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு சீட்டைக் கவிழ்த்தபடியே தள்ளிவிட்டார்.

செல்விக்கு உள்ளுக்குள் குதியாட்டம். ஆனால் கவிழ்த்துப் போட்ட சீட்டை யாரும் திருப்பிப் பார்க்கக் கூடாது. அதுதான் விதி, அதுதான் அவளுக்கு வேதனை.

போட்டி நடத்தும் முகேஷ் எழுந்தார். "டீ குடிச்சுக்கங்க. ரெண்டு பேரும் பேசிப் பரிசைப் பிரிச்சுக்கிறதா இருந்தாலும் சரிதான். ஒத்துவரலைன்னா ஆடித் தீருங்க. ஒனக்கு எது வேணும்த்தா?"

வண்டி என்று சொன்னால் எதிராளி கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். எல்லாம் ரத்தத்தில் ஊறியதுதானே. செல்வி சொன்னாள்: "எனக்குக் கோவாதாண்ணே."

விட்டுக்கொடுக்கிற மாதிரி பிறகு மெதுவாக வண்டிப் பக்கம் வரலாம் என்பது கணக்கு. ஷாஹீதா கண்ணை இமைக்கவில்லை.

"நல்லதாப் போச்சு. எனக்கு வண்டி போதும்ப்பா."

முகேஷ் கைதட்டினார். "பெறகென்ன, பேச்சு முடிஞ்சது!"

பேரம் பேச ஓர் இழைகூட மிச்சமில்லை. செல்வி தன் வாயாலேயே வேலையைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். சொன்ன சொல்லை அத்தனை பேர் முன்னால் மாற்றுவதென்றால் தரகர் வீட்டுப் பெண்ணுக்கு அதைவிடக் கேவலம் வேறில்லை.

போட்டோ எடுக்க முகேஷ் சாவியை ஷாஹீதாவிடம் கொடுத்தார். அவர் வண்டியைச் சுற்றி வந்தார். சாவியை எங்கே நுழைப்பதென்று தெரியாமல் இருக்கைக்கு அடியில் தடவினார். முகத்தில் ஜெயித்த களையே இல்லை. செல்விக்குப் பயத்தையும் மீறி ஆர்வம் பிடுங்கியது. பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, வண்டி ஓட்டுவீகளா?"

"சைக்கிள்கூட வராது."

"பெறகு எதுக்கு இதைக் கேட்டீக?"

"நீ எதுக்குக் கோவாவைக் கேட்ட? வந்ததுலருந்து ஒன் கண்ணு இந்த வண்டி மேலதான இருக்கு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருமே வாய் திறந்து மாற்றிச் சொல்லத் தயாராக இல்லை. வியாபாரக் குடும்பத்துக் கௌரவம் என்ன லேசா?

செல்வி மேடையிலிருந்தே கூப்பிட்டாள். "முகேஷண்ணே, எங்க சந்தையில வாயால சொல்றது வெறும் பேச்சு. கைமேல துண்டைப் போட்டு, அதுக்குள்ள எத்தனை வெரலைப் பிடிக்கிறமோ அதுதான் முடிவு."

ஷாஹீதாவின் முகம் மலர்ந்தது. "எங்க மண்டியிலயும் அதுதான்ப்பா வழக்கம். பொம்பளைக கை மட்டும்தான் இதுவரைக்கும் உள்ள போனதில்ல."

முகேஷுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சரி என்று தலையாட்டினார். செல்வி துப்பட்டாவை உருவி இருவர் கைமேலும் போட்டாள். சின்ன வயதில் சந்தையில் அப்பாவின் துண்டை எட்டி எட்டிப் பார்த்து ஏமாந்தவள், இப்போது தானே உள்ளே கையை விட்டாள். ஷாஹீதாவின் கையைத் தேடி ஒரே ஒரு விரலைப் பிடித்தாள். முதல் பரிசு எனக்கு. அதே நேரத்தில் அவளுடைய இரண்டு விரலை அந்தக் கை கெட்டியாகப் பிடித்து அழுத்தியது. இரண்டாவது எனக்கு.

துப்பட்டாவை எடுத்தபோது இருவர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. செல்வி சாவிக்காகக் கையை நீட்டினாள். முகேஷ் தலையைச் சொறிந்துகொண்டே பெயர்களை மாற்றி அறிவித்தார்.

தற்காலிக நம்பரோடு இருந்த வண்டியில் ஷாஹீதாவைப் பின்னால் உட்கார வைத்து, காஜிமார் தெருவில் கொண்டுவந்து இறக்கினாள் செல்வி. திங்கட்கிழமையை நினைத்தால் மனசு நிறைந்திருந்தது. ஆனாலும் வழியெல்லாம் அரித்துக்கொண்டிருந்த கேள்வியை இனி அடக்க முடியாது.

"அக்கா, நான் எல்லாத்தையும் தள்ளுனப்ப ஒங்க கையில என்ன இருந்துச்சு?"

"ரெண்டு ராஜா."

நடுவில் கிடந்தது இரண்டு, இவர் கையில் இரண்டு, அநேகமாக யாராலும் வெல்ல முடியாத சீட்டு. செல்வி வண்டியை அணைத்துவிட்டாள்.

"நாலு ராஜாவையா தூக்கிப் போட்டீக? நான் பொய்யாத் தள்ளுனது தெரியலையா?"

"தெரியாம என்ன? ஒன் மூஞ்சியிலதான் எழுதியிருந்துச்சே. ஒன்ன ஜெயிச்சிருந்தா இந்த வண்டிதான என் தலையில வந்து விழுந்திருக்கும்."

ஒரு மணி நேரமாகத் தன் சாமர்த்தியத்தை நினைத்து நினைத்துப் பூரித்தவளுக்குக் காற்று இறங்கியது. வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. சிரித்துத் தீர்த்தாள். ஷாஹீதா போகாமல் நின்றார். அவர் கை வண்டியின் இருக்கையைத் தடவிக்கொண்டிருந்தது.

"ஓட்டப் பழகிக்கிறீகளாக்கா?" என்றாள் செல்வி.

"எனக்கெதுக்குத்தா இந்த வயசுல? வேணவே வேணாம்."

தரகர் மகளுக்கு இதற்குமேல் விளக்கம் எதற்கு?

"எந்தக் கிழமை வரட்டும்?" என்று கேட்டாள்.