சொல்தா வீட்டு நீலச் சட்டை

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண்ணுக்கு யாரும் மாப்பிள்ளை தேடி அலைய வேண்டியதில்லை. மாப்பிள்ளைகளே வாசலில் வந்து நிற்பார்கள். கறுப்பா சிவப்பா, சமைப்பாளா மாட்டாளா என்று ஒரு கேள்வி வராது. அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, ரெட்டியார்பாளையத்து பிரிஸ்கில்லா தன் மகன் லூர்துபிரகாஷை அழைத்துக்கொண்டு நெல்லித்தோப்பில் அருளானந்தம் வீட்டுக்கு வந்திருந்தாள். பெண்ணின் மூக்கு ஆட்டத்தில் உடைந்து கோணிப் போயிருந்ததைப் பார்த்தும் அந்த அம்மாள் முகம் சுளிக்கவில்லை.

ஆனால் அவர்கள் தேடி வந்த குடியுரிமை இப்போது அந்தப் பெண் லினெட்டிடம் இல்லை.

அவள் பிறந்தது பிரான்சில், துலூஸ் நகரத்தில். அப்பா அருளானந்தம் பிரெஞ்சுப் படையில் சொல்தா. அந்தப் படையில் இருந்தவர்களை இந்த ஊரில் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள். அவர் ஓய்வுபெற்று ஊர் திரும்பியபோது லினெட் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அங்கே கற்ற ரக்பிப் பந்தாட்டத்தை இங்குள்ள பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஓடி வருகிறவளின் இடுப்பைப் பிடித்துச் சாய்ப்பது எப்படி என்று தோழி சுமலதாவுக்குக் காட்டியதே அவள்தான். அந்தச் சுமலதா, ஏழு பேர் ஆடும் செவன்ஸ் அணியில் இந்தியாவுக்காக ஆடினாள். லினெட் கோட்டுக்கு வெளியே நின்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வெளிநாட்டு பாஸ்போர்ட்காரிக்கு இந்தியச் சட்டை கிடையாதாம். எவ்வளவு காலம்தான் நீட்டுவாள்? பிரெஞ்சுக் குடியுரிமையை வேண்டாமென்று விட்டுவிட்டு இந்தியாவின் குடிமகள் ஆனாள். போன வாரம் அணியிலும் எடுத்துவிட்டார்கள்.

அருளானந்தம் அவளோடு பேசுவதையே நிறுத்தியிருந்தார். நேற்று மட்டும் வாயைத் திறந்தார்.

"கல்யாணம் முடியற வரைக்கும் மூச்சு வுடாத. அப்புறமா எழுதிப் போட்டு திரும்ப வாங்கிக்கலாம். இந்தப் பந்தாட்டத்தையும் இதோட தலமுழுவு."

பிரிஸ்கில்லா காப்பியை ஊதி ஊதிக் குடித்தாள். "கல்யாணத்துக்கு அப்புறம் புள்ள பிரான்சுக்குப் போறதுக்கு எவ்ளோ மாசம் ஆவும்ண்ணே? வேலைய வேற விட்டுட்டான்."

பெண் பார்க்க வருவதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டானாம்! லூர்துபிரகாஷ் வெட்கத்தோடு சிரித்தான். அருளானந்தம் தொண்டையைச் செருமினார். அவர் மனைவி அகஸ்டினா அவசரமாகச் சமோசாத் தட்டை நீட்டினாள்.

பையனைப் பார்க்க லினெட்டுக்குப் பாவமாக இருந்தது. அப்பாவின் செருமலைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது.

"அவரு எங்கயும் போவ முடியாது ஆன்ட்டி. பிரெஞ்சு நேஷனாலிட்டிய நான் விட்டுட்டேன். அடுத்த மாசம் இந்தியாவுக்கு ஆடப் போறேன்."

பிரிஸ்கில்லாவின் வாய்க்குப் போன சமோசா பாதியில் நின்றது. "விட்டுட்டியா? அவனவன் அதுக்குத் தவம் கெடக்குறான். யாரும்மா விடச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நானே விட்டேன்."

"திரும்ப வாங்கிக்கலாம்மா..." என்று அருளானந்தம் இழுத்தார்.

"வாங்க மாட்டேன்பா. இந்தக் கல்யாணம் நின்னாலும் சரி, நீங்க எங்கிட்ட கடைசி வரைக்கும் பேசலன்னாலும் சரி. இனிமே தண்ணி பாட்டில் புடிக்க மாட்டேன். சுமலதா பக்கத்துல நின்னு ஆடுவேன்."

பிரிஸ்கில்லா புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். "எந்திரிடா. நாட்டையே மாத்துனவ, நாளைக்குப் புருஷன மாத்த மாட்டாள்னு என்ன நிச்சயம்?"

லினெட் வாயெடுப்பதற்குள் அருளானந்தம் எழுந்துவிட்டார். அணிவகுப்பில் நிற்பதுபோல் முதுகு நிமிர்ந்திருந்தது.

"எங்கப்பா இதே நெல்லித்தோப்புல பொறந்தவரு. வெள்ளக்காரன் ஊர வுட்டுப் போனப்ப கையெழுத்துப் போட்டு பிரெஞ்சுக்காரர் ஆனாரு. நான் அவங்க சட்டையப் போட்டுக்கிட்டு சண்டைக்குப் போனேன். நாடு மாத்துறது எங்க வூட்டு வழக்கம்மா. புருஷன் பொண்டாட்டிய இது வரைக்கும் ஒருத்தரும் மாத்தல. நீங்க பொறப்படுங்க."

அம்மாவும் பிள்ளையும் கிளம்பினார்கள். லூர்துபிரகாஷ் மட்டும் வாசலில் திரும்பி, "நல்லா ஆடுங்க" என்று முணுமுணுத்துவிட்டு அம்மாவின் பின்னால் ஓடினான்.

அருளானந்தம் மகள் பக்கம் திரும்பினார். "நீ பண்ணது முட்டாள்தனம். அதுல ஒரு மாத்தமும் இல்ல."

"சொல்லிக்கிட்டே இருங்க. எனக்குப் பிராக்டீசுக்கு நேரமாச்சு."

லினெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அகஸ்டினா மிச்சச் சமோசாக்களை ஒரு டப்பாவில் அடைத்து, சுமலதாவுக்கும் கொடு என்று அவள் கையில் திணித்தாள். லினெட் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"சட்டை என்ன கலரு?"

"நீலம்."

"பிரான்சுல எங்க ஆளுங்க ரக்பி ஆடுறதும் நீலத்துலதான்."

"அது வேற நீலம்பா."

அருளானந்தம் மகளை முறைத்தார். அவளும் கண்ணை எடுக்காமல் அவரை முறைத்தாள்.