முரடியின் தத்துக்குட்டி

ஸ்வெட்டர் பின்னுவது பெரியவளுக்கு இடது கையால் செய்கிற வேலை. சின்னவளுக்கோ இரண்டு கையாலும் வராத வேலை. இதைச் சொன்னது பெரியவள்தான். வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லாரிடமும் சொன்னாள்.

சின்னவள் என்பது அவள் கொழுந்தன் பெண்டாட்டி, போன வருஷம் இந்தப் பண்ணைக்கு வாழ வந்தவள். அதுவரை ஆட்டின் முகத்தையே பார்த்திராதவள், வந்த சூட்டோடு போனைப் பார்த்து ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டாளாம். புருஷனுக்கு அவள் பின்னிய குல்லா கண்ணை மறைத்து மூக்கில் வந்து நின்றது. அந்த அப்பாவி அதையும் மாட்டிக்கொண்டு போய்ப் பட்டிக் கம்பத்தில் முட்டிக்கொண்டான். மனுஷர்களைப் படுத்தியது போதாதென்று, இந்தக் குளிர் காலத்தில் ஆட்டுக்குட்டிகளுக்கும் ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்துவிட்டாள். பிறக்கும்போதே கம்பளியோடு பிறக்கிற ஜீவனுக்குக் கம்பளிச் சட்டை. பெரியவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவளுடைய கவலையெல்லாம் பஞ்சு என்ற கிழட்டு ஆட்டின்மேல் இருந்தது. அந்தப் பண்ணையில் பஞ்சுவின் மயிர்தான் மயிர். மற்றதெல்லாம் சாக்குக்குச் சமானம். பெரியவள் பின்னியதை ஜனம் தடவித் தடவிப் பார்த்தது என்றால் அது பாதி அவள் கை, பாதி பஞ்சு. ஆனால் அந்தக் கழுதை வருஷா வருஷம் கிடாவாகவே போட்டது. இந்த முறையாவது ஒரு பெட்டைக்குட்டி பிறக்காவிட்டால் அந்த வம்சம் அதோடு முடிந்தது.

பிறந்தது. பெரியவள் தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்தபோது பிறந்தது. புருஷன்தான் போனில் சொன்னான்.

"பெட்டைக்குட்டி. ஆனா பஞ்சு போயிடுச்சு. நம்ம முரட்டு ஆடு இருக்கே முரடி, அதோட குட்டியும் செத்துப்போச்சு. அதனால அதுக்கிட்டயே இதை விட்டாச்சு, நல்லா பால் குடிக்குது."

பஞ்சுக்காக அழுதுகொண்டே பெரியவள் பஸ் ஏறினாள். வந்து இறங்கியதும் பையைக்கூட வைக்காமல் பட்டிக்குள் நுழைந்தாள். முரடியின் மடியில் குட்டி முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. வயிறு நிறைந்தது அவளுக்கு. அப்புறம்தான் அதன் முதுகைப் பார்த்தாள். கால் ஒரு பக்கம் கை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, கறை பிடித்து, குடலைப் புரட்டும் நாற்றத்தோடு சின்னவளின் ஸ்வெட்டர்.

சின்னவள் ஓடி வந்தாள். "அக்கா, அதை மட்டும் கழட்டிடாதீங்க. முரடி வந்து..."

"முரடியைப் பத்தி எனக்குச் சொல்றியா? அது பொறந்தப்ப இழுத்துப் போட்டதே நான்தான். போ, போய் மத்ததுக்குத் தண்ணி காட்டு."

"இல்லக்கா, ஒரு நிமிஷம் கேளுங்க."

"உன் ஸ்வெட்டர் புராணத்தை அப்புறம் கேக்கறேன்."

சின்னவள் வாளியை எடுத்துக்கொண்டு போனாள். பெரியவள் அந்தக் கண்றாவியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கசக்கிக் கொடியில் போட்டாள். குட்டியையும் வெந்நீரில் துடைத்து, பஞ்சுவின் மயிரில் தானே பின்னிய துண்டைச் சுற்றினாள். இப்போதுதான் பார்க்க லட்சணமாக இருந்தது. முரடியிடம் அதை விட்டுவிட்டு டீ போடப் போனாள். பலகையில் ஏதோ மோதும் சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவதற்குள் இன்னொரு தரம் கேட்டது.

சுவரோரம் குட்டி கிடந்தது. முரடி மறுபடியும் தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. சத்தம் கேட்டு வந்த சின்னவள் குட்டியை வாரி எடுத்தாள். விலா உடைந்திருந்தது. மூச்சு வந்து வந்து போயிற்று.

"அந்த ஸ்வெட்டர் முரடியோட செத்த குட்டி போட்டிருந்ததுக்கா," என்றாள் சின்னவள். "அந்த வாசனைக்குத்தான் முரடி இதைத் தன்னோடதுன்னு நெனச்சு விட்டுச்சு. தன் பால் வாசம் குட்டி உடம்புல வர்ற வரைக்கும் இருந்திருந்தா போதும்."

செத்த குட்டியின் தோலை உரித்து, தாயில்லாத குட்டிக்குப் போர்த்தி, குட்டியை இழந்த ஆட்டை ஏமாற்றுவது பெரியவளுக்குத் தெரியாததா? எத்தனை குட்டிக்கு அவளே செய்திருக்கிறாள். அந்த மூளை சின்னவளுக்கு இருக்கும் என்றுதான் அவள் நினைக்கவில்லை.

"தோல் உரிக்க எனக்கு மனசு வரலக்கா. அதான் அதோட சட்டையைப் போட்டேன்."

பொழுது சாய்வதற்குள் குட்டி செத்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தபோது புருஷன் நீளமாக மூச்சு விட்டான்.

"குளிர்தான் கொன்னிருக்கும். நம்ம சின்னவ பின்னற ஸ்வெட்டர்ல நூலைவிட ஓட்டைதானே ஜாஸ்தி."

கொழுந்தன்கூடச் சிரித்தான். சின்னவள் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் பெரியவள் பதிலுக்கு எட்டு வார்த்தை திட்டி மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள். அதற்கும் வழியில்லை.

"குளிரும் இல்ல, மண்ணும் இல்ல," என்றாள் பெரியவள். "அந்த ஸ்வெட்டர்தான் அதைக் காப்பாத்திச்சு. நான்தான் கழட்டித் துவைச்சேன். முரடி முட்டிக் கொன்னுடுச்சு."

சிரிப்பு நின்றது. தன்னை இவ்வளவு தாழ்த்திக்கொண்டதற்குச் சின்னவள் ஏதாவது ஆறுதலாகச் சொல்லுவாள் என்று பெரியவள் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"இப்ப இவ்வளவு பேசறீங்களேக்கா," என்றாள் சின்னவள், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "அப்ப ஒரு நிமிஷம் கேளுங்கன்னுதானே சொன்னேன்."