கஷ்டகாலத்துப் படம்

ஆண்டவன் பெயரால் ஏழைகளுக்கு வீடு கட்டித்தரும் சபை, நமுனுகுல தேயிலைத் தோட்டத்தில் பாக்கியத்துக்கும் ஒன்று கட்டிக்கொடுத்தது. அவள் குடிபோன பிறகுதான் சபைச் செயலாளருக்கு உறைத்தது: அவள் கஷ்டப்பட்டபோது எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. கண்ணீரைக் காட்டாமல் வெளிநாட்டுக்காரனிடம் நன்கொடை கேட்க முடியுமா?

பாக்கியத்துக்குக் கந்தல் சேலையைக் கட்டவைத்து, அவள் விட்டுவந்த ஒற்றையறை லயத்துக் காம்பராவுக்கே கூட்டிப்போனார். அங்கே இப்போது பவளக்கொடி குடும்பம் இருந்தது. படத்தில் விழக்கூடாதென்று பிள்ளைகுட்டிகளோடு அவர்களை மழையில் நிறுத்தினார். ஒழுகும் தகரத்துக்கடியில் உட்கார்ந்த பாக்கியத்துக்கு உடம்பெல்லாம் கூசியது.

"ஐயா, இங்க இப்ப கஷ்டப்படுறது நாங்கதானுங்க. எங்கள எடுங்களேன்," என்றாள் பவளக்கொடி.

செயலாளர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒங்களுக்கு நாங்க இன்னும் வீடே குடுக்கலியேம்மா. ஒங்க படம் எங்களுக்கு எதுக்கு?"