தாண்டிய பக்கம்

எங்கள் இசைக் கல்லூரிக்குச் சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். எல்லாரும் மேதைகள். விளம்பரத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. ஜன்னல் இல்லாத அறைகளில் ஆளுக்கொன்றாக அடைந்துகொண்டு, அதே நாலு வரியைச் சாயங்காலம் வரை தேய்ப்பார்கள். பெற்றவர்கள் வராந்தாவில் உட்கார்ந்து, அடுத்தவர் பிள்ளை எங்கே தப்பு விடுகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள்.

நான் அங்கே பியானோ வாசிப்பவள். தனியாக அல்ல. வயலினோ புல்லாங்குழலோ, எந்தப் பிள்ளை மேடையேறினாலும் துணைக்கு வாசிப்பேன். பிள்ளை எங்கே போகிறதோ அங்கே நானும் இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பயத்தில் அது ஓடினால் நானும் ஓட வேண்டும். நாலு வரியை விழுங்கினால் நானும் விழுங்க வேண்டும், அதுவும் மென்ற சத்தம் கேட்காமல். இதற்கெல்லாம் யாரும் கைதட்ட மாட்டார்கள்.

பிள்ளைகளில் ஒருத்திக்கு ஊசி என்று பெயர் வைத்திருந்தோம். ஆளும் ஒல்லி, சுருதியும் இம்மி பிசகாது. வயலின் வாசிப்பாள், வாயைத் திறக்க மாட்டாள். பள்ளிக்கூடம் முடிக்கும் வயது வந்துவிட்டதால் அன்றைக்கு அவளுக்குக் கல்லூரியில் சேர்வதற்கான தேர்வு. காலையில் ஒரு சுற்று, தப்பித்தவர்களுக்கு மதியம் ஒரு சுற்று.

காலையில் முதல் பக்கத்தைத் தேன் மாதிரி வாசித்தாள். பிறகு, எல்லாரும் தடுக்கி விழும் நடுப்பகுதி வரும் இடத்தில், அதைத் தொடாமலே கடைசிப் பகுதிக்குப் போய்விட்டாள். மனப்பாடமாக வாசிக்கும் பிள்ளைகளுக்கு இது நடப்பதுதான். ஆரம்பத்தில் வரும் மெட்டே கடைசியிலும் வரும், கை வழி மாறிவிடும். என் கை கேள்வி கேட்காமல் அவளோடு தாண்டியது. எதிரே மூன்று நடுவர்கள். கையில் தாள் வைத்திருந்தவர் மட்டும் இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டதாக நினைத்து, எச்சில் தொட்டுப் புரட்டிப் பார்த்தார். முடிந்ததும் தலைமை நடுவர், "கச்சிதம்" என்றார். கச்சிதம்தான். பாதியைக் காணோமே.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்து, படிக்கட்டுக்குக் கீழே நின்றவளிடம் போனேன்.

"ஏன்க்கா என்கூடத் தாண்டினீங்க?" என்றாள்.

"தாண்டாம? நீ அங்க, நான் இங்கன்னு நின்னா மானம் போயிருக்கும்."

"போகட்டும்னுதான்க்கா தாண்டினேன்."

எனக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "வேணும்னேவா?"

"எனக்கு இந்தக் காலேஜ் வேணாம். வயலினே வேணாம்."

"அப்ப என்ன பண்ணப் போற?"

"முதல்ல தூங்கணும்."

"அதை அம்மாகிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"எனக்காக வேலையை விட்டுட்டு வந்து வராந்தாவுல உக்காந்திருக்காங்க. அவங்ககிட்ட என்னத்தச் சொல்றது? ஃபெயில் ஆயிட்டா யாரும் எதுவும் சொல்ல வேண்டாம்ல. மதியம் வாசிக்கிறது வேற பீஸ். அதுலயும் தாண்டுவேன். நீங்க மட்டும் கூடத் தாண்டாதீங்கக்கா, ப்ளீஸ்."

நான் படித்த படிப்புக்கு இது துரோகம். ஆனால் அவள் இத்தனை வார்த்தை சேர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை. பாவமாக இருந்தது. சரி என்றேன்.

மதியம், சொன்னபடியே நடுப்பகுதியைத் தாண்டினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தாளில் இருந்ததை இருந்தபடி வாசித்தேன். ஒரு சந்துக்குள் எதிரெதிரே இரண்டு பஸ் நுழைந்த மாதிரி இருந்தது. தலைமை நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். காசு வாங்கிக்கொண்டு இப்படி ஒரு சத்தத்தை என் வாழ்நாளில் நான் எழுப்பியதில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பொறுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. ஊசியின் வில் ஒரு கணம் தயங்கியது. பிறகு நூல் கோத்த மாதிரி, நான் வாசித்துக்கொண்டிருந்த இடத்துக்கே வந்து சேர்ந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகத்தில் என்னைவிட அதிர்ச்சி. சின்ன வயதிலிருந்து சுருதி சேர்த்துப் பழகிய கை, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பிவிட்டது. அதற்கப்புறம் நடுப்பகுதி முழுவதையும் வாசித்தாள். அதுவும் பிரமாதமாக. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

முடிவைச் சொல்லத் தலைமை நடுவரே வராந்தாவுக்கு வந்தார். என்னைப் பார்த்து, "உங்களுக்கு இன்னிக்கு உடம்பு முடியலையா?" என்று அக்கறையாகக் கேட்டுவிட்டு, ஊசியின் அம்மாவிடம் திரும்பினார்.

"பியானோ வழி தவறிப் போச்சும்மா. உங்க பொண்ணு பதறாம போய் அவங்களைப் புடிச்சுக்கிட்டு வந்தா. இதையெல்லாம் சொல்லிக் குடுக்க முடியாது. இடம் நிச்சயம்."

அவர் போனதும் ஊசியின் அம்மா மகளைக் கட்டிக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்து, "விடுங்க டீச்சர், மனசுல வச்சுக்காதீங்க. எல்லாருக்கும் ஒருநாள் இப்படி ஆகுறதுதான்" என்றாள். நானும் தலையை ஆட்டி வைத்தேன். வேறு என்ன செய்ய?

"அக்கா தப்பே பண்ணலம்மா" என்றாள் ஊசி. "நான்தான் பண்ணேன். வேணும்னே பண்ணேன்."

"என்னடி உளர்ற?"

"எனக்கு இது வேணாம்மா. ஃபெயில் ஆகலாம்னு பார்த்தேன். அதுவும் வரல."

பக்கத்து நாற்காலிகளில் இருந்த பெற்றவர்கள் சட்டென்று தங்கள் செல்போன்களை ஆராயத் தொடங்கினார்கள். ஒருவர் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எப்பலேர்ந்து?"

"சின்ன வயலினை மாத்திட்டுப் பெருசு வாங்கினோமேம்மா. அதுக்கு முன்னாடியே."

அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"பெருசு வாங்கினதுக்கு அப்புறம்தானேடி நான் வேலையை விட்டேன்."

"ஆமாம்மா" என்றாள் ஊசி. "வேணாம்னு சொல்லத்தான் அன்னிக்கு வந்தேன். நீங்க முந்திக்கிட்டீங்க."