பூட்டினியா?

ஏசுபாதம் ஒரு பூட்டைப் பூட்டினால் அது பூட்டினது ஆகாது. இழுத்துப் பார்க்கணும். நாலடி போய்த் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுக்கணும். அப்புறம் கையை மோந்து பார்க்கணும், பித்தளை வாடை அடிக்கிறதா என்று. இப்படியும் ஒரு மனுஷன் உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள். செங்கல்பட்டில் ரயில்வே கேட் பக்கம் போய் எந்த லாரிக்காரனை வேண்டுமானாலும் கேளுங்கள், வண்டி வண்டியாகச் சொல்வான்.

ஏசுபாதம் அங்கே கேட் கீப்பர். ரயில் கண்ணுக்கு மறைந்த பிறகும் தண்டவாளத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து, பூட்டைத் தடவி, மறுபடியும் பார்த்துவிட்டுத்தான் கேட்டைத் திறப்பார். "யோவ், தொறய்யா! கரும்பெல்லாம் வண்டியிலயே காஞ்சி வெறகாயிடப் போவுது!" என்று டிரைவர்கள் கத்துவார்கள். கத்தட்டுமே. அந்த கேட்டில் ஒரு கோழிக்குஞ்சு அடிபட்டதில்லை. அதற்குக் காரணம் தான் கவலைப்படுவதுதான் என்று அவருக்கு உறுதியாகத் தோன்றியது. எமர்ஜென்சி வேறு வந்துவிட்டதா, எந்த நேரத்தில் எந்த அதிகாரி வந்து நிற்பானோ என்று தூக்கத்திலும் கையால் எதையோ இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்டோடு போயிருந்தால் பரவாயில்லை. வீட்டுப் பூட்டும் அதே கதைதான். அதனால் நாசமாய்ப் போனது அவர் மனைவி ஜெசிந்தாவின் ஆசை.

பெரிய ஆசை ஒன்றுமில்லை, பாவம். மாமல்லபுரம் போய்க் கடலில் கால் நனைத்துக்கொண்டு புருஷன் பக்கத்தில் நிற்க வேண்டும். செங்கல்பட்டில் பஸ் ஏறினால் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். கல்யாணம் ஆகி, மகள் பிறந்து, அவளையும் அச்சரப்பாக்கத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. கடல் மட்டும் நடக்கவில்லை. கிளம்பாமல் இல்லை. ஒரு தடவை பஸ் ஸ்டாண்டிலிருந்தே திரும்பினார்கள், பூட்டைப் பார்க்க. இன்னொரு தடவை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, ஸ்டவ்வை அணைத்தோமா என்று. அடுத்த தடவை திருக்கழுக்குன்றம் வரைக்கும் போய் இறங்கி, எதிர் பஸ் பிடித்தார்கள், மறுபடி பூட்டுக்காக. ஒவ்வொரு தடவையும் வீடு போட்டது போட்டபடி நன்றாகத்தான் இருந்தது. கடல்தான் போயிற்று.

கடைசியாகத் திரும்பின அன்றைக்கு ஜெசிந்தா கத்தவில்லை. கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை வீட்டிலேயே பிரித்து அவருக்கு வைத்தாள், தானும் தின்றாள்.

"இன்னும் ஒரே ஒரு வாட்டி கேப்பேன். அப்பால கேக்க மாட்டேன்" என்றாள்.

கத்தியிருந்தால் ஏசுபாதம் பயந்திருக்க மாட்டார். வாய் ஓயாமல் பேசுகிற பொம்பளை, ஒரு விஷயத்தைக் கேட்பதையே விட்டுவிட்டால் வீட்டில் அப்புறம் என்ன இருக்கும்?

அந்த ஒரு வாட்டி தை மாசத்தில் வந்தது. கேட்டை மாற்று ஆள் முனிசாமியிடம் ஒப்படைத்து ஒரு நாள் லீவு வாங்கியிருந்தார். கிளம்புகிற நேரத்தில் ஜெசிந்தா, "நீ முன்னால போய் பஸ்ஸ நிறுத்து. கதவ நான் பாத்துகினு வர்றேன்" என்று அவரைத் தள்ளாத குறையாக அனுப்பினாள். பஸ் நகரப் போகிற சமயத்தில் பையோடு ஓடிவந்து ஏறினாள். சாவியை அவர் கையில் வைத்து அழுத்தினாள்.

"பூட்டினியா?"

"சாவி உன் கைலதானே கீது?"

இது ஒரு பதிலா? சாவி கையில் இருந்தால் பூட்டியாயிற்று என்று அர்த்தமா? பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் ஏசுபாதத்தின் நெற்றி வேர்த்துவிட்டது. சாவியை உள்ளங்கையில் வைத்து இறுக்கிக்கொண்டார்.

"இழுத்துப் பாத்தியா?"

"கண்டக்டர் வர்றாரு பாரு, டிக்கெட்ட வாங்கு."

கண்ணை மூடினால் திருடன் வந்தான். சாவகாசமாக வந்தான். அவருடைய சைக்கிளை எடுத்து, டிரான்சிஸ்டரை ஹேண்டில்பாரில் மாட்டி, பாட்டு கேட்டுக்கொண்டே மிதித்துப் போனான். வழியில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. அடப்பாவி முனிசாமி, பூட்டைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் சலாம் போட்டுத் திறந்துவிட்டான்!

திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றது. ஏசுபாதம் எழுந்தேவிட்டார். எதிரே செங்கல்பட்டு பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா அவர் கையைப் பிடிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ வெள்ளரிப்பிஞ்சு விற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கழுத்து திரும்பாமல் இருந்த விதம் அவரை மறுபடி உட்கார வைத்தது. பஸ் கிளம்பியது. ஐயோ போச்சே என்றது மனசு.

மாமல்லபுரத்தில் கல் கொத்துகிற சத்தம் தெருவெல்லாம் கேட்டது. அவருக்கு அது யாரோ தன் வீட்டுத் தாழ்ப்பாளை உடைப்பது மாதிரி இருந்தது. கடற்கரைக்கு வந்ததும் மணலில் உட்கார்ந்தார். எப்படி உட்கார்ந்தார் தெரியுமா? கடலுக்கு முதுகைக் காட்டி, பஸ் நிற்கிற பக்கம் பார்த்து! பின்னால் இவ்வளவு பெரிய சமுத்திரம் இரைந்துகொண்டிருக்க, மனுஷன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தா புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் நின்றாள்.

"வாய்யா!"

"நீ நில்லு. நான் பைய பாத்துக்கறேன்." கொஞ்ச நேரம் பொறுத்தார். பொறுக்க முடியவில்லை. "ஜெசிந்தா, ஏசப்பா மேல ஆணையா சொல்லு. பூட்டினியா?"

அவள் திரும்பி வந்தாள். பைக்குள் கையை விட்டாள். சோற்றுப் பொட்டலத்துக்கு அடியிலிருந்து எதையோ எடுத்து அவர் மடியில் போட்டாள். கனமாக விழுந்தது.

திண்டுக்கல் பூட்டு. அவர்கள் வீட்டுப் பூட்டு. வாயைத் திறந்தபடி கிடந்தது.

"பூட்டல" என்றாள்.

"அடிப்பாவி!"

"கதவ சும்மா சாத்திட்டு வந்துட்டேன். பூட்டினா நீ நம்பப் போறியா? நானே பூட்டினாலும் பேஜாரு, நீயே பூட்டினாலும் பேஜாரு. பூட்டினமா பூட்டலையா, அதானே உன்ன அரிச்சிகினு கீது? இப்ப தெரிஞ்சி போச்சில்ல. பூட்டல. எதிர்வூட்டு கன்னியம்மா வாசல்லயே குந்திகினு இருப்பா. அதுக்கு மேல போனா போவட்டும். எனக்கு அந்த சைக்கிள் வேணாம்யா, ரேடியோ வேணாம். நீ வேணும், ஒரு அஞ்சு நிமிசம்."

சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி தண்ணீருக்குப் போய்விட்டாள்.

ஏசுபாதம் பூட்டைப் பையோரம் மணலில் வைத்தார். ரோட்டில் பஸ் நின்றிருந்தது. ஓடினால் பிடிக்கலாம். எழுந்து ரெண்டு எட்டு வைக்கவும் வைத்தார். ஓடிப் போய்? எதை இழுத்துப் பார்ப்பது? அங்கே பூட்டே இல்லையே, அது இதோ பையோரம் கிடக்கிறதே! நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இத்தனை வருஷமாக அரித்துக்கொண்டிருந்த அந்தக் கேள்வியைத் தேடினார், காணோம். திரும்பிப் பார்த்தார். ஜெசிந்தா தனியாக நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டுத்தான் நின்றாள்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

தண்ணீர் ஜில்லென்று காலைப் பிடித்தது. காலடியில் மணல் நழுவ, "ஏய் ஏய் ஏய்!" என்று கத்திவிட்டார். ஜெசிந்தா சிரித்தாள். பெரிய அலை ஒன்று வருவதை ரெண்டு பேருமே பார்க்கவில்லை. இடுப்பில் வந்து மோதியது. ஜெசிந்தா சறுக்கிச் சாய, ஏசுபாதம் ரெண்டு கையாலும் அவளைப் பிடித்து இழுத்தார். இழுத்தவரும் விழுந்தார். எழுந்தபோது தலையிலிருந்து கால் வரை நனைந்து, மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறி, ரெண்டு பேருக்கும் சிரிப்பும் இருமலுமாகப் பேச்சு வரவில்லை.

அப்புறம்தான் வலது கையைப் பார்த்தார். வெறும் கை. உள்ளங்கையில் சாவி பதிந்த தடம் மட்டும் சிவப்பாக இருந்தது.

"ஜெசிந்தா, சாவி..."

அவள் முகம் செத்துப் போயிற்று. முடிந்தது, இனி இந்த ஆள் கடலைச் சலித்துவிட்டுத்தான் வருவார் என்று நினைத்திருப்பாள்.

"மாத்துச் சாவி வெச்சிருப்பியே, அது எங்க கீது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பத்திரமா கீது. வூட்டுக்குள்ள, டிரங்குப் பெட்டியில."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. மணலில் வாயைத் திறந்துகொண்டு கிடந்த பூட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வயிறு குலுங்க ஆரம்பித்தது.

"நல்லவேள, நீ பூட்டல" என்றார். அடுத்த அலைக்கு அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.