மழைநாள் பெரட்டு

ஈப்போவில் வேலைக்குச் சேர்ந்த வருடம் பழைய கேமரா ஒன்று வாங்கினேன். தினம் ஒரு படம் எடுப்பது என்று வைத்துக்கொண்டேன். ஒன்றே ஒன்று. சிலிபினில் எங்கள் வீட்டில் இருந்தால் கொடியில் காயும் கைலி, சுண்ணாம்பு மலைமேல் படுத்திருக்கும் பனி. ஆற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு எடுக்க வெளியூர் போனால் பஸ் சன்னல். மனிதர்களை எடுக்கவில்லை. 'இப்படித் திரும்புங்கள்' என்று வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கும்.

அப்பாவுக்கு மறதி தொடங்கியிருந்தது. நான் பட்டம் வாங்கி வந்தபோது, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் "நம்ம நவமணி பிஎஸ்சி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர். மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டிக்காரர் மதார் சாகிப் வாசலில் நின்று, "பிஎஸ்சிக்கு எத்தன ரொட்டிலா?" என்று கத்துவார். நான் உள்ளே ஓடிவிடுவேன். இப்போது அந்தப் பெயர் அப்பாவின் வாயில் வருவதில்லை. என்னைப் பார்த்துச் சிரிப்பார். யாரென்று கேட்க மரியாதை தடுத்ததுபோல இருக்கும். இன்னும் ஒரு தடவையாவது அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். நான் வேண்டியது அவ்வளவுதான்.

ஒரு நாள் விடியும் நேரம். வாசல் கம்பிக் கதவருகே அப்பா சட்டைப் பொத்தானெல்லாம் போட்டு நின்றார். வெளிச்சம் நன்றாக இருந்தது. யோசிக்காமல் கேமராவைத் தூக்கினேன். அப்பா விறைத்து நின்றார். "கூப்பிடுங்க கிராணியய்யா" என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பெரட்டுக்கு நிக்கிறாருலா. பேர் கூப்பிடு."

ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. கணக்கெழுதும் கிராணி கூப்பிடுவார். அப்பாவும் அம்மாவும் ஆயர் தாவார் பக்கம் பாதி ஆயுள் அப்படி நின்றவர்கள்.

"பிச்சைமுத்து" என்றேன்.

"இருக்கேங்கய்யா!"

படம் எடுத்தேன். பெயர் கூப்பிட்டாகிவிட்டது, இனி வேலைக்குப் போக வேண்டும். அப்பா கதவைத் திறந்தார். அம்மா ஓடி வந்தாள்.

"மழைங்க! மரமெல்லாம் நனைஞ்சு கெடக்கு. இன்னிக்குப் பால் வெட்டு இல்ல, வீட்டுக்குப் போலாம்!"

அப்பா வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம் இல்லை. "ஆமா, ஊத்துது" என்றார். தலையில் கையை வைத்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

அதன்பின் தினமும் அதே படம்தான். நான் கூப்பிடுவேன், அவர் இருப்பார், அம்மா மழையைச் சொல்வாள். கழுவி வந்த படங்களில் அப்பா வெயிலில் நனைந்துகொண்டே நின்றார்.

அம்மா ஒரு கல்யாணத்துக்கு ஹுத்தான் மெலிந்தாங் போயிருந்தாள். அன்று பார்த்து எனக்கு ஆயர் தாவாரில் வேலை. அப்பாவையும் கூட்டிக்கொண்டு இருட்டோடு முதல் பஸ் ஏறினேன். கூடையில் கண்ணாடிப் புட்டிகள் ஒன்றோடொன்று இடித்துப் பேசின. அப்பா என் தோளில் தூங்கினார்.

ரப்பர் பால் தந்த கித்தா மரங்கள் எப்போதோ போய்விட்டன. எங்கும் எண்ணெய்க்கான செம்பனை. ஆற்றோரம் அப்பாவை உட்கார வைத்துவிட்டுப் புட்டிகளை நிரப்பினேன். திரும்பினால் அவர் இல்லை. கேமராவும் இல்லை.

செம்மண் பாதையில் ஓடினேன். கூப்பிட வேண்டும் என்று தெரிந்தது, குரல் வரவில்லை. மட்டைகளின் நிழல் தரையில் அசைந்தது. பாதை பிரியும் இடத்தில் அவர் நின்றிருந்தார், கழுத்தில் கேமரா.

"நேரமாச்சு. போய் வரிசையில நில்லு" என்றார்.

"அப்பா, நான்தான் கிராணி."

"நீயா? கிராணிக்குத் தொண்ட வேணும். நில்லு."

நின்றேன். அவர் கேமராவை நெஞ்சுயரத்தில் பிடித்துக்கொண்டார்.

"உடையப்பன்!"

செம்பனைகள் நின்றன. அவர் காத்திருந்தார்.

"ராக்காயி!"

எங்கோ ஒரு பறவை.

"செல்லாயி!"

"அம்மா கல்யாணத்துக்குப் போயிருக்காங்க" என்றேன்.

"லீவு சொல்லிட்டுத்தான போச்சு?"

"சொல்லிட்டுத்தான்."

தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். நெடுநேரம். வரிசையில் இன்னும் ஒரு ஆள் மிச்சம் என்பது அவருக்குத் தெரிந்தது. உதடு அசைந்தது, நின்றது. சொல்லிக்கொடுக்கலாம் என்று தோன்றியது. சொல்லவில்லை.

"நவமணி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பிஎஸ்சி."

"இருக்கேன்பா."

"கேக்கல."

"இருக்கேன்பா."

"இது என்னா கொசு மாதிரி? அரை நாள் சம்பளம் போட்ருவேன். சத்தமா!"

"இருக்கேன்!"

அவ்வளவு பெரிய சத்தம் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது. மரங்களுக்குள்ளிருந்து கொக்குகள் எழும்பின. அப்பாவின் விரல் எதையோ அழுத்தியது. 'கிளிக்' என்றது. அந்த வருடத்துப் படங்களில் நான் இருப்பது அதில் மட்டும்தான். ஓரத்தில், சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு.

அப்பா கேமராவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். அந்தக் காலை வெயிலில் அண்ணாந்து பார்த்தார். என் தலைமேல் தன் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தார்.

"நனையாத. வீட்டுக்குப் போலாம்."